கேட்கும் வன்னி, பேசும் வன்னி: வெகுசன ஊடகமும் உலகமயமாதலும் பண்பாட்டுக் கலப்பும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வெகுசன ஊடகம், உலகமயமாதல், பண்பாட்டுக் கலப்பு என்று மூன்றையும் ஒரே தலைப்பில் கட்டித் தந்திருக்கிறார்கள். இப்படியொரு தலைப்பைக் கொடுத்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தொலைக்காட்சி நாடகம் குடும்பத்தைக் கெடுக்கிறது, கைத்தொலைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது, எங்கள் பண்பாடு அழிகிறது. பிறகு கைதட்டல், தேநீர். அந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். இன்று அது வேண்டாம். கலப்பினால் வன்னி கெட்டுப்போனது என்று நான் நம்பவில்லை. கலப்பில்லாத வன்னி எந்தக் காலத்தில் இருந்தது என்று கேட்டால் என்னிடம் பதிலும் இல்லை. என் கவலை வேறு. இந்த நிலத்துக்குள் வந்து சேரும் பாட்டும் படமும் செய்தியும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. இங்கிருந்து வெளியே போகும் குரலோ மெலிந்துகொண்டு வருகிறது. அப்படிப் போகிற கொஞ்சமும் பெரும்பாலும் அழுகுரலாக இருக்கிறது.

வற்றாப்பளையில் தொடங்குவோம். வைகாசிப் பொங்கலுக்கு முன் பாக்குத்தெண்டல் என்ற சடங்கு நடக்கும். பிறகு சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்தக் கடல்நீர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்கு வரும். அந்த உப்புநீரில் திரியிட்டு விளக்கெரிப்பார்கள். பிறகுதான் நந்திக்கடலோரத்து அம்மன் கோயிலில் பொங்கல். இந்த அம்மன் யார்? புகாரில் பிறந்து, மதுரையை எரித்து, சேரநாட்டில் தெய்வமான ஒரு வணிகர் மகள், கண்ணகி. அவளே சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்யோ. அந்த வழிபாட்டைப் பற்றி மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் ஒரு பெரிய நூலே எழுதினார். சைவ சமயத்துக்குள் இவளுக்கு இடமில்லை என்று ஆறுமுக நாவலர் காலத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின. வன்னியும் மட்டக்களப்பும் பெயரை மாற்றவில்லை. கடல் கடந்து வந்த கதையை எங்கள் பாட்டிமார் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள். அதை யாரும் அந்நியப் படையெடுப்பு என்று சொன்னதில்லை.

இப்போது அந்த விளக்குக்கு முன்னால் கைத்தொலைபேசிகள் உயர்ந்து நிற்கின்றன. இங்கே நள்ளிரவாகும்போது ரொறன்ரோவில் பகல் இரண்டரை மணி. அங்கே வேலைக்கிடையில் ஒருவர் காதில் கருவியைச் செருகிக்கொண்டு பொங்கலைப் பார்க்கிறார், முன்னால் நிற்கும் தம்பியிடம் "கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு, மடை தெரியேல்லை" என்று சொல்கிறார். பக்திக் குறைவு என்று இதைக் கண்டிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. மடை எப்படி இருக்க வேண்டும் என்று ரொறன்ரோவில் இருப்பவருக்கு இன்னும் தெரிகிறதே!

கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்தது முல்லைத்தீவுப் பாங்கில் ஆடப்படும் கோவலன் கூத்து. சிந்துநடையில் விடியவிடியப் பாடப்படும் காத்தவராயன் கூத்தும் இங்கே ஆழமாக வேரூன்றியது. இந்தக் கூத்துக் களரிகளுக்கு அருகிலேயே ஆர்மோனியப் பெட்டியோடு இசைநாடகமும் வந்து அமர்ந்தது. அது எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகளிடமிருந்து. அவர்களுக்கு? பம்பாயிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகப் பாடியபோது கண்ணீர் விட்டவர்கள், அந்தப் பாட்டுமுறையின் ஒரு பாட்டன் இந்துஸ்தானி பேசினான் என்று யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்கத் தேவையும் இல்லை. வந்ததை வாங்கி, தன் தொண்டைக்கு ஏற்றபடி மாற்றிப் பாடும் ஆற்றல் அன்றைய ஊருக்கு இருந்தது. கலப்பு நல்லதா கெட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அந்த ஆற்றல் ஒன்றுதான்.

மனிதர்களும் இப்படித்தான் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டபின் யாழ்ப்பாணத்தவர்கள் குடியேற்றத் திட்டங்களில் வயல் பெற்று வந்தார்கள். பின்னர் படித்த வாலிபர் திட்டத்தில் முத்தையன்கட்டுக்கும் விசுவமடுவுக்கும் இளைஞர்கள் வந்தார்கள். 1958இலும் 1977இலும் இன வன்முறையில் அடிவாங்கி மலையகத் தமிழர்கள் வந்தார்கள். வவுனியாவில் கட்டடக் கலைஞர் சோ. அ. டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களுக்குக் காணியும் தொழிலும் தேடிக் கொடுத்தது. அதற்கு இராசசுந்தரம் கொடுத்த விலை, 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் அவருடைய உயிர். 1995 ஒக்ரோபர் இறுதியில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. அதில் பெருந்தொகையானவர்கள் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குள் வந்தார்கள். கிளிநொச்சியின் மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் குடியேறியவர்கள் காமன் கூத்தையும் தப்பையும் மலையிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒரே நிலத்துக்குள் இத்தனை வகைப் பேச்சும் பாட்டும் சோற்றுப் பக்குவமும் வேறெங்கே உண்டு?

இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லாமல் விடக்கூடாது. கலந்து வாழ்ந்தவர்களை வலிந்து பிரித்ததும் இதே மண்ணில் நடந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்றுப் பகுதி மக்களும் அதில் அடக்கம். எங்கள் பண்பாட்டின் தூய்மை பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மாதத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

உலகமயமாதல் என்ற சொல் இங்கே புழக்கத்துக்கு வருமுன்னரே அந்தப் பொருள் விசுவமடுவுக்கு வந்துவிட்டது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்தது. வன்னியில் மிளகாய் பயிரிட்டவர்கள் கல்வீடு கட்டியதும் உழவு இயந்திரம் வாங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், எந்தப் போகத்தில் என்ன விலை போனது என்று இன்றும் சொல்வார்கள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன கதவைத் திறந்தார். வெளிநாட்டு மிளகாய் வந்தது, எங்கள் மிளகாய் விலை விழுந்தது. அதே திறந்த கதவால் தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. பெட்டி வந்த காலத்தில் அதை வாங்கப் பணம் தந்த பயிர் போயிற்று. பண்பாட்டைப் பேசும்போது மிளகாயை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். கூத்துக்குச் செலவழித்தவர்கள் யார்? அறுவடை கைக்கு வந்த விவசாயிகள். அவர்கள் கை வெறுமையானால் களரியும் வெறுமைதான்.

அந்தக் கதவு திறக்க ஓர் ஆண்டு முன்னே, 1976 ஆகஸ்டில், அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பில் கூடியது. மேற்கு நாட்டுச் செய்தி நிறுவனங்கள் மட்டுமே பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதா என்று அங்கே கேட்டார்கள். புதிய பொருளாதார ஒழுங்கைப் போலவே புதிய தகவல் ஒழுங்கும் வேண்டும் என்றார்கள். நான்கு ஆண்டுகளில் யுனெஸ்கோவின் மக்பிரைட் குழுவும் அதையே அறிக்கையாக்கியது. கொழும்பு உலகத்திடம் கேட்ட அதே கேள்வியைக் கிளிநொச்சி கொழும்பிடம் கேட்டிருக்கலாம். கேட்க அன்று இங்கே ஒரு ஒலிவாங்கிகூட இல்லை.

ஆனால் வானொலிக் காலம் முழுவதும் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. 1950களிலிருந்து இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் தமிழைக் கேட்டு மதுரையிலும் திருச்சியிலும் அறிவிப்பாளராகக் கனவு கண்ட இளைஞர்கள் உண்டு. சென்னையில் எடுத்த சினிமாப் பாட்டு கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகிச் சென்னைக்கே திரும்பிப் போனது. போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற பைலாத் தாளத்தில் எழுந்த இலங்கைப் பொப்பிசை, ஏ. ஈ. மனோகரனோடு கப்பலேறி, 1977இல் இளையராஜா இசையில் தமிழ்ப் படத்துக்குள்ளும் நுழைந்தது. அந்த வானொலியில் வன்னிக்கும் ஒரு மூலை கிடைத்தது. ஒலிபரப்பாளர் அருணா செல்லத்துரை யானையை அடக்கிய அரியாத்தையின் கதையை நாடகமாக்கினார். முல்லைமணி எழுதிய பண்டாரவன்னியன் நாடகம் மேடை மேடையாகப் போனது. மெற்றாஸ்மயில் வன்னி நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். அவர்கள் ஒவ்வொருவரும் தனி ஆளாய் இழுத்த தேர் அது.

பிறகு போர். 1990இலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வன்னியின் பெரும்பகுதியில் மின்கம்பி இல்லை. பற்றரிக்கும் தடை. இங்கே வந்திருக்கும் இளையவர்களுக்காக, அந்தக் காலத்தில் வானொலி எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்கிறேன். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்த வேண்டும். பின்சில்லோடு டைனமோவைச் சேர்த்து, அதிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர்கள் சுற்றிக் குந்தியிருக்க, பிபிசி தமிழோசை பேசும். மிதிக்கிறவர் களைத்தால் செய்தியும் இழுபட்டுத் தேயும். "மிதியடா" என்று நாலுபேர் கத்துவார்கள். செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டு, வரிசையாக அடுக்கி இணைத்துக் கேட்டவர்களும் உண்டு. மணிலாவிலிருந்து வெரித்தாஸ், லண்டனிலிருந்து தமிழோசை. பக்கத்து ஊரில் விழுந்த குண்டைப் பற்றி இரண்டு சமுத்திரம் தாண்டிப் போய் வந்த செய்தியைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஊடக ஆய்வாளர் மக்லுகன் 1962இல் உலகம் ஒரு கிராமமாகிறது என்று எழுதினாராம். விளக்கில்லாத ஒரு கிராமம் உலகத்தைக் கால்வலிக்க மிதித்துக் கேட்டதை அவர் எழுதவில்லை.

அதே ஆண்டுகளில் வன்னிக்குள் பத்திரிகையும் வானொலியும் பின்னர் தொலைக்காட்சியும் இயங்கின. ஈழநாதம் அச்சாகியது, புலிகளின் குரல் ஒலித்தது. 2007 நவம்பர் 27 அன்று அந்த வானொலி நிலையத்தின் மேல் குண்டு விழுந்து பணியாளர்கள் இறந்தார்கள். அவை ஓர் இயக்கத்தின் ஊடகங்கள். அந்த இயக்கத்துக்கு ஒவ்வாத குரலுக்கு அவற்றில் இடமில்லை. தமிழ்ச் சினிமாகூட வெட்டித் தணிக்கை செய்துதான் காட்டப்பட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தும் ஒன்று உண்மை: ஒலிப்பதிவுக் கூடத்தை, படத்தொகுப்பு மேசையை, அச்சு எழுத்தைக் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. 2009இல் போர் முடிந்தபின் அவர்களில் பலர் உயிரோடு இல்லை. இருப்பவர்களில் பலர் அந்தத் தொழிலில் இல்லை.

2002 போர்நிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடியது, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி ரயில் கிளிநொச்சிக்கு வந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் 1 இலட்சத்து 10 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள், முல்லைத்தீவில் 90 ஆயிரத்துக்குச் சற்று மேல். இந்தச் சிறிய தொகையினரை நோக்கி யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள்: வங்கிகள், குத்தகை நிறுவனங்கள், நுண்கடன்காரர்கள், தொலைபேசிக் கம்பனிகள், டிஷ் அன்ரெனாக்காரர்கள், ஆடைத் தொழிற்சாலைகள். கூரைத் தகரம் முழுவதும் அடிக்கப்படாத வீட்டு முற்றத்தில் டிஷ் நின்றதைப் பார்த்து வெளியிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டு இருட்டில் இருந்தவர்கள் முதலில் வெளிச்சமுள்ள பெட்டியைத்தான் வாங்குவார்கள்.

அந்தப் பெட்டிக்குள் எங்கள் முகம் எப்படி வருகிறது என்பதுதான் விடயம். மணிரத்னத்தின் கன்னத்தில் முத்தமிட்டால் 2002இல் வந்தது. அதன் கதை இங்கே, மாங்குளத்தில் தொடங்குகிறது. எங்கள் மாங்குளத்தைத் தென்னிந்தியாவில் வைத்துப் படம்பிடித்தார்கள். போர்க்காலம், குறை சொல்ல முடியாது. 2015 பெப்ரவரியில், சென்னையில் நடந்த சிறுவர் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில், கனடாவில் வளர்ந்த ஜெசிக்கா யூட் அந்தப் படத்தில் ஊரைப் பிரியும் பாட்டைப் பாடி இரண்டாமிடம் பெற்றார். பரிசான ஒரு கிலோ தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தருவதாக மேடையிலேயே சொன்னார். எங்கள் வீடுகளில் அன்று அழாதவர்கள் குறைவு. இப்போது அந்தப் பாதையைப் பாருங்கள். மாங்குளத்துத் துயரம் சென்னையில் பாட்டாகி, கனடாப் பிள்ளையின் குரலேறி, சென்னை மேடையில் ஒலித்து, மாங்குளத்து வீட்டுக் கூடத்துக்குத் தொலைக்காட்சியில் வந்து சேர்ந்தது. இத்தனை பெரிய சுற்றில் மாங்குளத்தில் இருக்கிற எவரும் ஒரு சொல் பேசவில்லை. அழுவது மட்டுமே எங்கள் பங்கு.

2023இல் அரியாலைக் கில்மிசா சரிகமப சிறுவர் போட்டியில் முதற்பரிசு வென்றபோதும், அதே மேடையில் மலையகத்து அசானி பாடியபோதும் நாம் பெருமைப்பட்டது நியாயம். அந்தப் பிள்ளைகளின் திறமை யாரும் தந்த பிச்சையல்ல. ஆனால் அந்த மேடைகள் எங்கள் பிள்ளைகளிடம் கேட்பது இரண்டு பொருள்: பாட்டு அவர்களுடையதாக இருக்க வேண்டும், துயரம் எங்களுடையதாக இருக்க வேண்டும். பாடி முடித்த பிள்ளையிடம் ஊர்க்கதை கேட்பார்கள், வயலின் ஒலி எழும், நடுவர் கண் துடைப்பார். அந்தப் பிள்ளை ஒரு காத்தவராயன் சிந்தையும் பாடிக்காட்டட்டுமே என்று எந்தத் தயாரிப்பாளருக்கும் தோன்றுவதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதே எனக்கு உறுத்துகிறது.

சென்னையைச் சொல்லிவிட்டு எங்களை விட்டுவிட முடியாது. இப்போது கமராவோடு கிராமங்களுக்குள் வரும் யூரியூப்காரர்களில் பலர் எங்கள் பிள்ளைகள். கணவனை இழந்த பெண்ணின் அடுப்படிக்குள் நுழைந்து, பானையைத் திறந்து காட்டி, "அக்கா, இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் வெட்டாமல் போடுவார்கள். கீழே வங்கி இலக்கம். பரிஸிலும் லண்டனிலும் இருந்து பணம் வரும். சிலருக்கு உண்மையாகவே கிணறும் வீடும் கிடைத்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. கொடுக்கிறவர்களின் மனமும் பெரியது. ஆயினும் அந்தப் பெண் கூலிவேலைக்குப் போகிறவர், நல்ல பாட்டுக்காரி, நாலு சங்கத்தில் பொருளாளராக இருந்தவர் என்பதெல்லாம் அந்தக் காணொளியில் வராது. பானை வெறுமையாக இருக்கும் இருபது நிமிடம் மட்டும் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைப் போட்டுக் காட்டுவார்கள். அவருடைய மகள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வேண்டுமே, அதை யார் யோசித்தார்கள்?

இதற்கு நேரெதிரான ஒன்றையும் நான் பார்க்கிறேன். எங்கள் மரண அறிவித்தல்கள். காலையில் பத்திரிகை எடுத்தால் நானும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவேன். உருத்திரபுரத்தைப் பிறப்பிடமாகவும், புதுக்குடியிருப்பைத் தற்காலிக வசிப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்டவர். மக்கள் சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா. மருமக்கள் பட்டியலில் இரண்டு பிரெஞ்சுப் பெயர், ஒரு சிங்களப் பெயர். உலகமயமாதலைப் பற்றி எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. இந்த ஆறு வரிகளைப்போல் அதைத் தெளிவாகச் சொன்ன கட்டுரையை நான் படித்ததில்லை. செத்த வீட்டில் நேரலைக்கென்று ஒரு கமரா நிற்கிறது. பறை அடிப்பவர் கமராவுக்கு இடம் விட்டு நிற்கிறார். ஒப்பாரி சொல்லும் ஆச்சி, வரமுடியாத மகனின் பெயரைச் சொல்லி, கமராவைப் பார்த்தே அழுகிறார். பல இடங்களில் நின்றுபோயிருந்த ஒப்பாரி, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் மறுபடி எழுந்ததை நான் பார்த்தேன். யாரும் திட்டமிட்டு நடத்தியதல்ல. கருவி வெளியிலிருந்து வந்தது, தேவை எங்களுடையது, சொல்லும் எங்களுடையது. அங்கே கலப்பு சரியாக நடக்கிறது.

2021இல் பாடகர்கள் அறிவும் தீயும் பாடிய எஞ்சாயி எஞ்சாமி என்ற பாட்டு உலகமெல்லாம் ஓடியது நினைவிருக்கும். அதன் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். 1964 ஒக்ரோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அப்படி இலட்சக்கணக்கானவர்களைப் பிரித்தது. அந்தப் பயணத்தின் மறுகிளை இங்கே மலையாளபுரத்தில் குடியிருக்கிறது. ஒப்பாரியின் இழையைப் பேரன் அங்கே உலகப் பாட்டாக்கினான். இங்கே இருக்கிற பேரன்மார் அதைக் கைத்தொலைபேசியில் ஓடவிட்டு ஆடினார்கள். ஆடட்டும், நல்ல பாட்டு. ஆனால் அதே ஒப்பாரி தெரிந்த பாட்டி அடுத்த அறையில் இருந்தார். அவரிடம் எத்தனை பேர் கேட்டோம்?

ஊடகத்தின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் பிழை. அருவிவெட்டுப் பாட்டும் சூடுமிதிக்கும்போது பாடிய பொலிப்பாட்டும் தொலைக்காட்சியால் போகவில்லை. மாடு சுற்றி மிதித்த இடத்துக்கு உழவு இயந்திரம் வந்தது, பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. முழு வயலும் அரை நாளில் முடிகிறபோது யார் பாடுவார்? இயந்திரத்தை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முதுகு வளைந்து அருவி வெட்டியவர்கள் அதை நன்றியோடுதான் வரவேற்றார்கள். வேலையோடு பிறந்த பாட்டு வேலையோடு போகும். அதைப் பதிவில் வைத்திருப்பது மட்டுமே எங்கள் கையில் இருந்தது, அதிலும் கொஞ்சத்தைத்தான் வைத்தோம்.

சாமத்திய வீட்டு அலங்காரத்தைப் பற்றியும், பிள்ளைகள் சென்னைத் தமிழ் கதைப்பதைப் பற்றியும் நான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அவை கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள், பேச எளிதானவை. பிள்ளைகள் வளர்ந்தால் மாற்றிக் கதைப்பார்கள். வெளிநாட்டுக் காசில் பல்லக்குக் கட்டுகிற பெற்றோரைத் திருத்த என்னிடம் மருந்தில்லை.

இங்கிருந்து குரல் வெளியே போவதே என் கவலை; அதற்கான முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 1981இல் யுனெஸ்கோ துணையோடு மகாவலி சமூக வானொலி தொடங்கியது. மகாவலி என்றதும் இந்த மண்ணில் எழுகிற நினைவுகள் வேறு. மகாவலித் திட்டத்தின் பெயரால் மணலாற்றைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பெயர் இனிக்காது, இனிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தச் சமூக வானொலியிலிருந்து பிறந்த கொத்மலை வானொலியில் 1990களின் இறுதியில் ஒரு நல்ல வேலை நடந்தது. கிராமத்தவர்கள் தங்கள் கேள்வியை அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, ஒலிபரப்பிலேயே தங்கள் மொழியில் விளக்குவார்கள். கணினி இல்லாத வீட்டுக்கு இணையம் றேடியோ வழியே போனது. உலகத்தைக் கேள்வி கேட்டவர்கள் அங்கே ஊரவர்கள். அப்படியொரு சமூக வானொலி, தமிழில், எந்தக் கட்சியின் கையிலும் இல்லாமல், கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ ஏன் இருக்கக்கூடாது? நெல்லுக்கு நோய் வந்தால், குளத்து வான்கதவு திறந்தால், காணி அலுவலகத்தில் ஒரு கடிதம் இழுபட்டால், கதைக்க ஓரிடம் வேண்டும். கூத்தும் அந்த இடத்தில் தானாக வந்து அமரும்.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. வன்னியின் ஒலிகளைச் சேர்த்துவைக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேமித்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது, ஒலி ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீங்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் நேராகக் கேட்கிறேன். பட்டப்படிப்பு முடிக்க எழுதும் ஆய்வேடுகளில் ஒன்றையாவது, முள்ளியவளையிலோ மல்லாவியிலோ ஒரு அண்ணாவியாரின் முழுக் கூத்தையும் பதிவுசெய்து, பாட்டையும் தாளக்கட்டையும் எழுதிச் சேர்த்த ஏடாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் அல்லது அயலில் எழுபது வயது தாண்டிய ஒருவர் இருப்பார். அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு மணித்தியாலம் உங்கள் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். அழுகிற கதையைக் கேட்டுத் தொடங்காதீர்கள். என்ன பாடினார், எந்தக் கூத்தில் என்ன வேடம் கட்டினார், மிளகாய் என்ன விலைக்குப் போனது, முதன்முதல் றேடியோ யார் வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். இடையில் பின்னணி இசை போட வேண்டாம். முடிவில் ஊர், நாள், அவர் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிவை நிறுத்துங்கள். பெயர் வெளியே போக அவர் விரும்பாவிட்டால் ஊரும் நாளும் போதும். ஒரு பிரதியை அவர் பிள்ளைகளிடம் கொடுங்கள், இன்னொன்றைப் பாடசாலை நூலகத்தில் கொடுங்கள், மூன்றாவதை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவை யார் நிகழ்த்தினாலும், தொடங்குமுன் அந்தப் பதிவுகளில் ஒன்றை இந்த மண்டபத்தில் ஒலிக்கவிட வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.